அரசாங்கம் எதற்கு, எங்கிருந்து வந்தது, எத்தனை வகை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆட்சி முறைகள்" பாடத்தை மனப்பாடம் செய்து எழுதி, தேர்வு முடிந்த கையோடு மறந்துபோனவர்களுக்காக இந்தப் பக்கம். பட்டியல் போட்டுவிட்டால் வேலை சுலபம்தான். ஆனால் எந்த நாட்டை எடுத்தாலும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் பிதுங்காமல் அடங்கிவிடும் என்ற மயக்கத்தைப் பட்டியல் தந்துவிடும். அதனால் கேள்வி கேள்வியாகப் போவோம்.

நாடு, அரசு, அரசாங்கம் எல்லாம் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றுதான். பிரித்துப் பார்க்கப் பழகினால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தீரும்.

நாடு என்பது நிலமும் மக்களும். அரசு என்பது அவற்றின்மீது நிலையாக அதிகாரம் செலுத்தும் அமைப்பு. அரசாங்கம் என்பது அந்த அமைப்பை இப்போதைக்கு நடத்துகிறவர்கள். வீடும் குடித்தனக்காரர்களும் மாதிரி. ஆட்சி கவிழ்ந்த அன்று மாலையும் நீதிமன்றம் இருக்கிறது, காவல் நிலையத்தில் விளக்கு எரிகிறது, போன அமைச்சரவை வாங்கிய கடனும் அப்படியே இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் "அது நாங்கள் வாங்கியதில்லை" என்று கைவிரிக்க முடியாது. வாங்கியது அரசு.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. "புதிய அரசு பதவியேற்றது" என்றும் எழுதுகிறோம், "அரசு நிலம்" என்றும் எழுதுகிறோம். முதலாவது சில ஆண்டுகள் இருந்துவிட்டுப் போகும் ஆட்கள். இரண்டாவது, ஆட்கள் மாறினாலும் மாறாத சொத்துக்காரர்.

எது அரசு என்பதற்கு 1933-இல் மான்டிவிடியோவில் கையெழுத்தான உடன்படிக்கை நான்கு அடையாளம் சொல்கிறது: நிலையான மக்கள்தொகை, வரையறுத்த நிலப்பரப்பு, ஓர் அரசாங்கம், பிற அரசுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வேபர் 1919-இல் ஆற்றிய உரையில் இதைவிடப் பட்டவர்த்தனமாகச் சொன்னார்: ஒரு நிலப்பரப்புக்குள் முறையான வன்முறைக்குத் தனியுரிமை கோரி, அந்தக் கோரிக்கையை நிலைநாட்டிக் காட்டுவதே அரசு. அதாவது உங்களைப் பிடித்து உள்ளே வைக்கும் உரிமை அதற்கு மட்டும்தான், அல்லது அது யாருக்குக் கொடுக்கிறதோ அவர்களுக்கு.

அரசாங்கம் இல்லாமல் மனிதர் வாழவே முடியாதா?

வாழ்ந்திருக்கிறார்கள். நம் இனம் தோன்றி ஏறக்குறைய 3,00,000 ஆண்டுகள் ஆகின்றன. அரசு என்று சொல்லத்தக்க ஒன்று வந்து ஐந்தாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள்தான். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த சிறு கூட்டத்தில் சண்டையைப் பெரியவர்கள் பேசித் தீர்ப்பார்கள். கேட்காதவனை ஒதுக்கி வைப்பார்கள். அதுவும் சரிப்படவில்லையென்றால் ஒரு பிரிவு மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் அடுத்தடுத்து வாழத் தொடங்கும்போதுதான் இந்த வழிகள் அடைபடுகின்றன.

இரண்டுக்கும் நடுவில் ஒரு விசித்திரமான சோதனையை ஐஸ்லாந்து செய்து பார்த்தது. பெரும்பாலும் நார்வேயிலிருந்து போய்க் குடியேறியவர்கள் கி.பி. 930-இல் "ஆல்திங்" என்ற பேரவையை அமைத்தார்கள். ராஜா கிடையாது, படை கிடையாது, போலீஸ் கிடையாது. சட்டம் மட்டும் உண்டு, அதுவும் முதல் இருநூறு ஆண்டுக்குக் கிட்டத்தட்ட எழுத்தில் இல்லை. "சட்டம் சொல்பவர்" என்று ஒருவர் இருந்தார். ஆண்டுதோறும் கோடையில் திங்வெல்லிர் சமவெளியில் எல்லாரும் கூடும்போது, ஒரு பாறைமேல் நின்று சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மனப்பாடமாகச் சொல்வார். மூன்று ஆண்டில் ஒரு சுற்று முடியும். வழக்கு நடக்கும், தீர்ப்பும் வரும்.

அப்புறம்? தீர்ப்பை நிறைவேற்றுவது ஜெயித்தவன் பாடு. ஆள்பலம் இல்லாதவன் தன் வழக்கையே ஒரு பலசாலிக்குக் கைமாற்றிக் கொடுத்துவிடலாம், அவன் பார்த்துக்கொள்வான். முந்நூறு ஆண்டுக்கு மேல் இது ஓடியது என்பதே பெரிய விஷயம். கடைசியில் சில குடும்பங்கள் மட்டும் பெருத்து, தமக்குள் வெட்டிக்கொண்டு ஓய்ந்த நிலையில், 1262 முதல் 1264-க்குள் நார்வே அரசரின் கீழ் அடங்கிவிட்டார்கள்.

அரசாங்கத்தின் நோக்கங்கள் என்று ஐந்தாறு சொல்கிறார்களே, எது முக்கியம்?

சச்சரவு தீர்ப்பது, வெளியாரிடமிருந்து காப்பது, தனியாளால் ஆகாத பொதுக் காரியங்களைச் செய்வது, நலிந்தவரைத் தாங்குவது. சுருக்கமாக இவ்வளவுதான். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரையும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது, "சுதந்திரத்தின் பயன்களைக் காப்பது" என்ற ஒன்றையும் சேர்த்து.

இவற்றில் மிகப் பழையது சச்சரவு தீர்ப்பது. பாபிலோன் மன்னன் ஹமுராபி கி.மு. 1750 வாக்கில் ஆளுயரத்தைத் தாண்டிய கருங்கல்லில் சட்டங்களைச் செதுக்கி வைத்தான். பலசாலி எளியவனை நசுக்கக் கூடாது என்பதற்காகவே இது என்று அந்தக் கல்லே சொல்கிறது. ஆனால் கொஞ்சம் கீழே படித்தால், மேல்தட்டுக்காரன் தன் தட்டைச் சேர்ந்தவனின் கண்ணைக் கெடுத்தால் அவன் கண்ணைக் கெடுக்க வேண்டும், சாதாரணக் குடியானவனின் கண்ணைக் கெடுத்தால் ஒரு மினா (ஏறக்குறைய அரைக் கிலோ) வெள்ளி அபராதம் கட்டினால் போதும். மாமியார் உடைத்தால் மண்குடம் கதைதான். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்ற எண்ணம் அதற்கப்புறம் நெடுங்காலம் கழித்து வந்தது.

பொதுக் காரியத்துக்கு நெதர்லாந்தைப் பார்க்கலாம். கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம் அங்கே ஏராளம். கரை ஓரிடத்தில் உடைந்தால் எல்லார் வயலும் போகும். அதனால் கரைக்குப் பணம் கொடுத்தவன் வயலை மட்டும் காப்பாற்றுவது நடக்காத காரியம். இப்படிப்பட்ட இடத்தில் "மற்றவன் கொடுக்கட்டும்" என்று ஒவ்வொருவரும் சும்மா இருந்துவிடுவார்கள், கட்டாயமாக வசூலிக்கத்தான் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் அங்கே அமைந்துவிட்டன. இன்றும் 21 இருக்கின்றன, தனி வரி, தனித் தேர்தலோடு. அரசாங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அந்தக் கரையைத்தான்.

நலிந்தவரைத் தாங்குவது, சட்டமாக வந்த அளவில், ரொம்பப் புதிது. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883-இல் தொழிலாளர்களுக்கு நோய்க்காலக் காப்பீட்டையும் 1889-இல் முதியோர் ஓய்வூதியத்தையும் கொண்டுவந்தார். இரக்கத்தால் மட்டும் வந்ததில்லை. சோஷலிசக் கட்சியின் அமைப்புகளை 1878-இல் தடை செய்தவரும் அவர்தான். தொழிலாளர்கள் அந்தப் பக்கம் போய்விடாமல் இழுத்துப் பிடிக்க இது ஒரு வழி. நோக்கம் எதுவாக இருந்தாலும் ஓய்வூதியம் ஓய்வூதியம்தான் என்பது என் கட்சி.

முதல் அரசாங்கம் எங்கே, எப்படி வந்தது?

இன்றைய இராக்கின் தெற்கில் இருந்த உருக் நகரம் மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று. அங்கே கிடைத்த, கி.மு. 3300-க்குப் பிந்தைய களிமண் பலகைகள்தான் உலகின் மிகப் பழைய எழுத்துகளில் சேர்ந்தவை. அவற்றில் கவிதையோ கடவுள் துதியோ தேடினால் ஏமாற்றம்தான். பெரும்பாலானவை வரவு செலவுக் கணக்கு: இத்தனை ஆடு, இத்தனை பார்லி, இன்னாருக்கு இவ்வளவு படி. ஒரு பலகையில் 29,086 அளவு பார்லி, 37 மாதம், "கூஷிம்" என்று இருக்கிறது. கூஷிம் என்பது ஆளின் பெயரா பதவியின் பெயரா என்பது தீராத விவாதம். ஆளின் பெயர்தான் என்றால், எழுத்தில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய பெயர்களில் ஒன்று ஒரு ராஜாவுடையது அல்ல, ஒரு தானியக் கணக்கருடையது.

ஏன் தானியம்? அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஸ்காட் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்தமானது. கோதுமையும் பார்லியும் நெல்லும் மண்ணுக்கு மேலே கண்ணுக்குத் தெரிய விளைகின்றன, எல்லாம் ஒரே சமயத்தில் முற்றுகின்றன, காய வைத்தால் கெடாது, அளக்கலாம், தூக்கிப் போகலாம். வரி வசூலிப்பவன் அறுவடை நாளில் வந்து நின்றால் போதும். கிழங்கு அப்படியில்லை. மண்ணுக்குள் ஒளிந்திருக்கும், வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம், வெட்டி எடுத்தபின் சீக்கிரம் கெடும். கிழங்கை மட்டும் நம்பிப் பெரிய அரசுகள் எழுந்தது அரிது.

வேறு விளக்கங்களும் உண்டு. பெரிய நீர்ப்பாசனத்தைக் கட்டி மேய்க்கத்தான் அதிகாரம் தேவைப்பட்டது என்றார் கார்ல் விட்ஃபோகல். பல இடங்களில் வாய்க்கால் முதலில் வந்து அரசு பின்னால் வந்திருப்பதால் அது முழுதாக ஒட்டவில்லை. சுற்றிலும் பாலையோ மலையோ கடலோ இருந்து, தோற்றவர்கள் தப்பி ஓட இடமில்லாத பள்ளத்தாக்குகளில் போரில் வென்றவன் அரசனானான் என்றார் ராபர்ட் கார்னெய்ரோ, 1970-இல். எகிப்தின் நைல் பள்ளத்தாக்குக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. ஒரே காரணம் எல்லா இடத்துக்கும் சரிவரும் என்று நினைக்க எனக்கு மனமில்லை.

அப்படியானால் கொள்ளைக்காரன்தான் அரசனானானா?

"தடி எடுத்தவன் எல்லாம் தண்டல்காரன்" என்கிறோம். தண்டல் என்றால் வரி வசூல் என்பதை மறந்துவிட்டுச் சொல்கிறோம். பழமொழிக்குள் ஒரு அரசியல் கோட்பாடே இருக்கிறது.

பொருளியலாளர் மன்கர் ஓல்சன் 1993-இல் இதையே விரித்தார். ஊர் ஊராகப் போகும் கொள்ளைக்காரன் கிடைத்ததை எல்லாம் வாரிக்கொண்டு போவான், அடுத்த ஆண்டைப் பற்றி அவனுக்கென்ன? அவனே ஓரிடத்தில் தங்கிவிட்டால் கணக்கு மாறும். விதைநெல்லையும் பிடுங்கினால் அடுத்த போகத்தில் பிடுங்க ஒன்றும் இருக்காது. அதனால் ஒரு பங்கை மட்டும் எடுப்பான், மற்றக் கொள்ளைக்காரர்களை உள்ளே விடமாட்டான், பாதைகூடப் போட்டுக் கொடுப்பான். கப்பம் வரியாகிறது.

போருக்கும் வரிக்கும் உள்ள உறவு பின்னாளிலும் அறுபடவில்லை. பிரிட்டனில் வருமான வரி 1799-இல் வந்ததே பிரான்சோடு நடந்த போருக்குப் பணம் சேர்க்கத்தான். தற்காலிகம் என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள்.

சமூக ஒப்பந்தம் என்கிறார்களே, அதில் யார் எப்போது கையெழுத்துப் போட்டார்கள்?

யாரும் போடவில்லை. அது வரலாறு அல்ல, ஒரு வாதம். "கட்டுப்பட வேண்டிய அவசியம் என்ன?" என்ற கேள்விக்கு "கடவுள் அரசனை நியமித்தார்" என்ற பதில் செல்லுபடியாகாமல் போனபோது தேடிய புதுப் பதில்.

உள்நாட்டுப் போரில் இங்கிலாந்து எரிவதைப் பார்த்த தாமஸ் ஹாப்ஸ், 1651-இல், அதிகாரம் இல்லாத நிலையில் எல்லாருக்கும் எல்லாரும் எதிரி, ஆகவே உயிர் பிழைக்க எல்லா உரிமையையும் ஒருவரிடம் கொடுத்துவிடுவதே மேல் என்றார். ஜான் லாக் 1689-இல் அதைத் திருப்பிப் போட்டார்: உயிர், சுதந்திரம், உடைமையைக் காக்கத்தான் அதிகாரம் கொடுத்தோம், காக்காவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். 1762-இல் ரூஸோ இன்னும் ஒரு படி போய், சட்டம் செய்யும் உரிமையை மக்கள் யாருக்கும் கைமாற்றவே முடியாது என்றார்.

மூவரில் லாக் சொன்னதுதான் அதிகம் பலித்தது. 1776-இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனிடமிருந்து பிரிந்தபோது வெளியிட்ட பிரகடனத்தில் அவர் வாடை நன்றாக அடிக்கிறது.

சரி, அரசாங்கம் மொத்தம் எத்தனை வகை?

அரிஸ்டாட்டில் ஆறு என்றார். ஒருவர் ஆள்வது, சிலர் ஆள்வது, பலர் ஆள்வது என்று மூன்று. ஒவ்வொன்றும் பொதுநலத்துக்காக நடந்தால் ஒரு பெயர், சொந்த நலத்துக்காக நடந்தால் வேறொரு பெயர், ஆக ஆறு. வேலியே பயிரை மேயும் நிலைக்குத் தனிப்பெயர் கொடுத்தது அவருடைய கெட்டிக்காரத்தனம். ஏதோ உட்கார்ந்த இடத்தில் யோசித்ததல்ல. அவரும் மாணவர்களும் 158 நகர அரசுகளின் ஆட்சியமைப்பைத் திரட்டினார்கள் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. ஒரு வேடிக்கை, "ஜனநாயகம்" அவருடைய பட்டியலில் கெட்ட பக்கத்தில் இருக்கிறது.

இன்றைக்கு ஒரே பெயர் போதாது. ஒரு நாட்டைப் பற்றி மூன்று தனித்தனிக் கேள்விகள் கேட்க வேண்டும். மேலே இருப்பவர் அங்கே எப்படி வந்தார், அவரை இறக்க வழி உண்டா? நிர்வாகத்துக்கும் சட்டமன்றத்துக்கும் என்ன உறவு? தலைநகருக்கும் மற்றப் பகுதிகளுக்கும் அதிகாரம் எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது? "மக்களாட்சியா கூட்டாட்சியா?" என்று கேட்பது, ஒருவரைப் பார்த்து "நீங்கள் உயரமா, வழக்கறிஞரா?" என்று கேட்பதுபோல.

முடியாட்சி இன்னும் இருக்கிறதா?

40-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அதில் 15 நாடுகளுக்கு ஒரே ஆள்தான் ராஜா, பிரிட்டன் மன்னர். பெரும்பாலான இடங்களில் முடி மட்டும்தான், ஆட்சி வேறிடத்தில். பிரிட்டனில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மன்னர் ஒப்புதல் மறுத்தது கடைசியாக 1708-இல். ஸ்வீடன் 1974-இல் எழுதிய அரசியலமைப்பில், பிரதமரை நியமிக்கும் சம்பிரதாயத்தைக்கூட மன்னரிடமிருந்து எடுத்து நாடாளுமன்றத் தலைவரிடம் கொடுத்துவிட்டது.

முழு அதிகாரத்தோடு ஆளும் மன்னர்களும் உண்டு: சவுதி அரேபியா, புருணை, எஸ்வாட்டினி. வாரிசு முறை இல்லாத முடியாட்சியும் உண்டு. மலேசியாவில் ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்கு மன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். வத்திக்கானில் கர்தினால்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போப்புக்கு அங்கே வரம்பில்லாத அதிகாரம்.

குடியரசும் மக்களாட்சியும் ஒன்றுதானா?

இல்லை. மன்னர் இல்லையென்றால் அது குடியரசு, அவ்வளவே. நார்வே மக்களாட்சி, குடியரசு அல்ல. வடகொரியா குடியரசு, மக்களாட்சி அல்ல. பெயரில் "ஜனநாயக", "மக்கள்" இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டாலும்.

தேர்தல் நடந்தாலே மக்களாட்சிதானே?

வடகொரியாவிலும் தேர்தல் நடக்கிறது. 2019-இல் 99.99% பேர் ஓட்டுப் போட்டதாக அந்நாட்டுச் செய்தி நிறுவனம் அறிவித்தது. தொகுதிக்கு ஒரே வேட்பாளர்.

மறுபக்கம், மக்களாட்சியின் தாய்வீடான ஏதென்ஸ் தேர்தலைச் சந்தேகத்தோடு பார்த்தது. தேர்தல் வைத்தால் பணமும் பேரும் உள்ளவன்தான் ஜெயிப்பான், அது சிலர் ஆட்சிக்கே கொண்டுபோகும் என்பது அவர்கள் எண்ணம். படைத்தளபதிகள் போன்ற சிலரைத்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். 500 பேர் கொண்ட பேரவைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். ஓராண்டுப் பதவி, வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் கிடையாது. நீதிமன்ற நடுவர்களைப் பொறுக்க ஒரு கல் இயந்திரமே இருந்தது. வரிசை வரிசையாகக் காடி வெட்டிய பலகை, அதில் ஆளுக்கொரு பெயர்த் தகடு, பக்கத்துக் குழாயில் கறுப்பும் வெள்ளையுமாகக் கலந்து போட்ட உருண்டைகள். வெள்ளை விழுந்தால் அந்த வரிசை முழுக்க உள்ளே, கறுப்பு விழுந்தால் வீட்டுக்கு. பெண்கள், அடிமைகள், வெளியூரார் பெயருக்கு அதில் தகடே கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (முதலாம் பராந்தகன் காலம், கி.பி. 919, 921) காட்டும் குடவோலையும் இந்தக் குலுக்கல் வகைதான். 30 குடும்புகள் (இன்றைய வார்டு மாதிரி), தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்வது. "அந்தக் காலத்திலேயே ஜனநாயகம்" என்று பெருமையாகச் சொல்வதோடு நிறுத்திவிடுகிறோம். வயது 35 முதல் 70, வரி கட்டும் நிலம் கால்வேலி, சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி என்ற தகுதிகளைப் படித்தால் அது ஒரு பிராமண ஊர்ச் சபை, அதிலும் நிலக்காரர்களுக்கு மட்டும் என்பது தெரியும். எனக்கு அதில் உண்மையிலேயே வியப்பாக இருப்பது வேறொரு விதி: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது.

ஆக, தேர்தல் ஒரு கருவி. போட்டி இருக்கிறதா, எல்லாருக்கும் ஓட்டு இருக்கிறதா, தோற்றவர் நாற்காலியை விட்டு இறங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்வியில் பழைய மக்களாட்சிகளே தடுக்கி விழுந்தன. பெண்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமையை நியூசிலாந்து 1893-இல் கொடுத்தது. ஊர்கூடிக் கைதூக்கி முடிவெடுக்கும் மரபுக்குப் பேர்போன ஸ்விட்சர்லாந்து, 1971-இல்.

நாடாளுமன்ற முறைக்கும் அதிபர் முறைக்கும் என்ன வித்தியாசம்?

ஒரே ஓட்டு என்ன செய்யும் என்று பார்த்தால் புரிந்துவிடும்.

1979 மார்ச்சில் பிரிட்டன் பிரதமர் கேலஹான் நம்பிக்கை ஓட்டெடுப்பில் 310-க்கு 311 என்று தோற்றார். உடனே பொதுத்தேர்தல். 1999 ஏப்ரலில் இந்தியாவில் வாஜ்பாய் அரசாங்கம் 269-க்கு 270 என்று கவிழ்ந்தது. இரண்டு இடத்திலும் யார்மீதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை. "உங்கள்மேல் நம்பிக்கை இல்லை" என்று அவையின் பெரும்பான்மை சொன்னது, அவ்வளவுதான். நாடாளுமன்ற முறையில் பிரதமர் அவையின் தயவில் இருக்கிறார்.

1868-இல் அமெரிக்க அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனை நீக்க செனட்டில் 35 பேர் ஓட்டுப் போட்டார்கள், எதிர்த்தவர்கள் 19 பேர். பெரும்பான்மை தாராளமாக இருந்தது. ஆனாலும் மூன்றில் இரண்டு பங்குக்கு 36 வேண்டும். ஒரே ஓட்டில் அவர் தப்பித்தார். அதிபர் முறையில் அவருக்குத் தனித் தேர்தல், குறித்த பதவிக்காலம். "பிடிக்கவில்லை" என்பதற்காக அவை அவரை அனுப்ப முடியாது, குற்றம் சாட்டி விசாரித்துத்தான் அனுப்ப வேண்டும். கிளின்டன் ஒரு முறையும் டிரம்ப் இரண்டு முறையும் குற்றச்சாட்டுக்கு ஆளானார்கள், இதுவரை அப்படி நீக்கப்பட்ட அமெரிக்க அதிபர் ஒருவரும் இல்லை.

எது நல்லது? அடிக்கடி கவிழ்வதை விரும்பாதவர்களுக்கு அதிபர் முறை பிடிக்கும். தவறான ஆளிடம் மாட்டிக்கொண்டு நான்கைந்து ஆண்டு தவிப்பதை விரும்பாதவர்களுக்கு நாடாளுமன்ற முறை. நான் இரண்டாவது கட்சி. ஜெர்மனி ஒரு நல்ல ஒட்டுவேலை செய்திருக்கிறது: அடுத்த பிரதமர் யார் என்று முடிவு செய்யாமல் இருப்பவரை இறக்கவே முடியாது. 1982-இல் பிரதமர் ஷ்மிட்டை இறக்கியதும் ஹெல்முட் கோல் என்பவரை ஏற்றியதும் ஒரே ஓட்டெடுப்பு.

பிரான்ஸ் 1958 முதல் இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. ஸ்விட்சர்லாந்தில் ஏழு பேர் சேர்ந்து ஆள்கிறார்கள், அதிபர் பட்டம் ஆண்டுக்கொருவராகச் சுற்றி வரும்.

ஒற்றையாட்சி, கூட்டாட்சி, கூட்டமைப்பு – எப்படி அடையாளம் காண்பது?

மேலிடம் நினைத்தால் கீழ் அமைப்பை இல்லாமல் ஆக்க முடியுமா என்று கேளுங்கள். 1986-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் லண்டன் பெருநகர மன்றத்தைச் சாதாரணச் சட்டத்தின் மூலமே கலைத்தது. அது ஒற்றையாட்சி. அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் எல்லையை அந்த மாநிலத்தின் சம்மதம் இல்லாமல் தொட முடியாது. அது கூட்டாட்சி. இந்தியாவும் கூட்டாட்சிதான். ஆனால் அரசியலமைப்பின் 3-ஆம் பிரிவுப்படி நாடாளுமன்றமே மாநில எல்லைகளை மாற்றலாம், மாநிலத்தின் கருத்தைக் கேட்டால் போதும், சம்மதம் தேவையில்லை.

கூட்டமைப்பில் அதிகாரமெல்லாம் உறுப்பினர்களிடம், மையம் வெறும் சந்திப்பு இடம். 1781-இல் அமெரிக்கா அப்படித்தான் தொடங்கியது. வரி போட மைய அவைக்கு உரிமையில்லை, மாநிலங்களிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும், மாநிலங்களோ சரியாகக் கொடுக்கவில்லை. சுதந்திரப் போரில் சண்டையிட்ட வீரர்களுக்குச் சம்பளப் பாக்கி. எட்டு ஆண்டில் அதைக் கைவிட்டுவிட்டார்கள்.

முதலாளித்துவம், கம்யூனிசம் எல்லாம் ஆட்சி வகைகளா?

நிலமும் ஆலையும் யாருக்குச் சொந்தம் என்பது பற்றிய பெயர்கள் அவை. யார் ஆள்வது என்பது வேறு கேள்வி. முதலாளித்துவச் சர்வாதிகாரங்கள் இருந்திருக்கின்றன, ராணுவத் தளபதி பினோஷே ஆண்ட சிலி போல.

சர்வாதிகாரம் எப்படி வருகிறது?

டாங்கியில் வரும் என்றுதான் நினைக்கிறோம், அப்படியும் வரும். ஆனால் சட்டப்படியே வந்ததும் உண்டு. பண்டைய ரோமில் "டிக்டேட்டர்" என்பது முறையான பதவி. நெருக்கடி வந்தால் ஒருவருக்கு முழு அதிகாரம், அதிகபட்சம் ஆறு மாதம். பல நூற்றாண்டு இது ஒழுங்காக நடந்தது. பிறகு தளபதி சல்லா காலவரம்பை எடுத்தார், கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் "ஆயுள் முழுக்க" என்று ஆக்கிக்கொண்டார். பதவி அதேதான், காலக்கெடு மட்டும் போய்விட்டது.

1933 மார்ச் 23 அன்று ஜெர்மன் நாடாளுமன்றம், சட்டம் இயற்றும் அதிகாரத்தை ஹிட்லரின் அமைச்சரவைக்கு ஓட்டுப் போட்டுக் கொடுத்தது. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் முன்பே கைதாகியோ தலைமறைவாகியோ இருந்தார்கள். அவைக்குள் சீருடைக்காரர்கள் நின்றார்கள். சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர் மட்டும் எதிர்த்தார்கள். தாளில் அதுவும் முறையான நான்காண்டுச் சட்டம்.

தாளை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு சோவியத்தின் 1936 அரசியலமைப்பும் சாட்சி. பேச்சுரிமை, பத்திரிகை உரிமை எல்லாம் அதில் உண்டு. அடுத்த ஆண்டே, ஸ்டாலின் லட்சக்கணக்கானோரைக் கைது செய்து சுட்டுத் தள்ளிய பெருங்களையெடுப்பு உச்சத்தை எட்டியது. எதிர்ப்பக்கம், பிரிட்டனில் ஒரே ஆவணமாக எழுதிய அரசியலமைப்பு இன்றுவரை கிடையாது.

அரசாங்கமே இல்லாமல் போனால் என்ன ஆகும்?

எது இல்லாமல் போகிறது என்பதைப் பொறுத்தது. பெல்ஜியத்தில் 2010 ஜூன் தேர்தலுக்குப் பிறகு கட்சிகள் பேசிப் பேசி 541 நாள் புதிய அமைச்சரவை அமையவில்லை. ரயில் ஓடியது, சம்பளம் வந்தது. பழைய அமைச்சரவை பொறுப்பில் இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், வட்டார அரசாங்கங்கள் இருந்தன. அரசாங்கம்தான் இழுபறியில் இருந்தது, அரசு இருந்தது.

சோமாலியாவில் 1991-இல் போனது அரசே. அடுத்த ஆண்டுப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நாளடைவில் குலப் பெரியவர்களும் மத நீதிமன்றங்களும் வழக்குத் தீர்த்தார்கள், தனியார் தொலைபேசி நிறுவனங்கள் செழித்தன, மத்திய வங்கி இல்லாமலேயே பழைய ஷில்லிங் நோட்டு கைமாறிக்கொண்டிருந்தது. மனிதர் எப்படியாவது சமாளிப்பார்கள் என்பதற்கு அது சான்று. ஆனால் வெளிநாட்டுப் படகுகள் அந்தக் கடலில் புகுந்து மீனை வாரிக்கொண்டு போனபோது தடுக்க யாரும் இல்லை.

ஒரு நாட்டின் ஆட்சி வகையை நானே கண்டுபிடித்துப் பார்க்கலாமா?

தாராளமாக. மேலே சொன்ன மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பயிற்சிக்கு, பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே மலைக்குள் இருக்கும் அண்டோராவைத் தருகிறேன். 1278-இல் உர்கேல் ஆயரும் (கத்தோலிக்க பிஷப்) ஃபுவா பிரபுவும் செய்துகொண்ட சமரசப்படி அதற்கு இரண்டு தலைவர்கள். ஆயரின் இடத்தில் இன்றும் ஆயர். பிரபுவின் உரிமை பிரெஞ்சு மன்னருக்குப் போய், மன்னர் ஒழிந்தபின் பிரெஞ்சு அதிபரிடம் வந்து நிற்கிறது. ஆக ஒரு இளவரசரை ரோமில் போப் நியமிக்கிறார், இன்னொருவரைப் பிரெஞ்சுக் குடிமக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், அண்டோரா மக்களுக்கு இரண்டிலும் வேலையில்லை. ஆனால் 1993-இல் அவர்கள் வாக்கெடுப்பில் ஏற்ற அரசியலமைப்புப்படி, அவர்கள் தேர்ந்தெடுக்கும் 28 பேர் கொண்ட அவைதான் ஆட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது, வேண்டாமென்றால் இறக்குகிறது.

விடை: முடியாட்சி, நாடாளுமன்ற முறை, மக்களாட்சி, ஒற்றையாட்சி. இரண்டு இளவரசர்களில் ஒருவர், தன் சொந்த நாட்டில், ஒரு குடியரசின் தலைவர்.